மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும்: காரில் வானொலிப் பெட்டி பொருத்துவதற்கு முன்

செலண்டார் பட்டணத்திலிருந்து கிழக்கே பார்த்தால், செம்பனை மரங்களுக்கு அப்பால் லேடாங் மலை தெரியும். அதன் உயரம் 1,276 மீட்டர். நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் தூரம். அந்த மலையின் மேல் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. கோபுரம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், "என் காரில் சிடி நன்றாகப் பாடுகிறது, வானொலி மட்டும் இரைகிறது" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. "புதுப் பெட்டி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை" என்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. பெட்டிக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இணைக்கப்பட்ட ஒயரில்தான் இருக்கும்.

தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. பின்னிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் மலாக்காவுக்கு அழைத்துப் போக அந்த ஒரு கார்தான் வீட்டு வாசலில் நிற்கும். பாட்டுக் கேட்பதற்காகப் போட்ட பெட்டி அந்த நேரத்தில் காரை நிறுத்திவிடக் கூடாது. ஆகவே, கடைக்குப் போய்ப் பொருத்தினாலும் நீங்களே பொருத்தினாலும், அந்த ஒயர்கள் என்ன வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டு உயிர்நாடிகள்

புதுப் பெட்டியின் பின்னால் ஒரு கொத்து ஒயர் வரும். பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பவை மூன்றுதான்: மஞ்சள், சிவப்பு, கருப்பு. கடையில் தனியாக விற்கப்படும் பெரும்பாலான பெட்டிகளில் இந்த நிற வழக்கம் ஒன்றுதான்.

கருப்பு ஒயர் காரின் இரும்பு உடலோடு சேர வேண்டும். மஞ்சளும் சிவப்பும் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு வருகின்றன. இரண்டும் ஒரே 12 வோல்ட் என்றால் எதற்கு இரண்டு?

மஞ்சள் ஒயருக்கு எப்போதும் மின்சாரம் வர வேண்டும். சாவியை எடுத்த பிறகும் வர வேண்டும். கடிகாரமும், நீங்கள் சேமித்து வைத்த நிலையங்களும், பாட்டு எந்த இடத்தில் நின்றது என்ற கணக்கும் மறக்காமல் இருப்பது இந்த மின்சாரத்தால்தான். பாட்டுக்குத் தேவையான பெரிய மின்னோட்டமும் இதன் வழியாகவே வருகிறது. சிவப்பு ஒயர் ஒரு செய்தியாளர் மாதிரி. சாவியைத் திருப்பியதும் "எழுந்திரு" என்று பெட்டிக்குச் சொல்லும். சாவியை எடுத்ததும் "தூங்கு" என்று சொல்லும்.

இவை இரண்டும் மாறிப் போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் கடிகாரமும் நிலையங்களும் அழிந்துவிடும். உங்கள் காரில் இப்படி நடக்கிறது என்றால் பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மஞ்சளுக்குப் போக வேண்டிய மின்சாரம் சிவப்புக்குப் போகிறது, அவ்வளவுதான். சில கார்களின் தொழிற்சாலை சாக்கெட்டிலேயே இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும்.

இதைவிட ஆபத்தானது, வேலையைச் சீக்கிரம் முடிக்க இரண்டையும் ஒன்றாக முறுக்கி, எப்போதும் மின்சாரம் உள்ள ஒயரில் கட்டிவிடுவது. பெட்டி பாடும், பொருத்தியவரும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். ஆனால் அந்தப் பெட்டிக்குத் தூக்கம் கிடையாது. பொத்தானை அழுத்தி அணைத்தாலும் உள்ளே சில சுற்றுகள் விழித்தே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முறையாக இணைத்த பெட்டி தூங்கும்போது சில மில்லி ஆம்பியர் மட்டுமே எடுக்கும். 5 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர்-மணி; பேட்டரிக்கு இது ஒன்றுமே இல்லை. தூங்காத பெட்டி எடுக்கும் அளவு பெட்டிக்குப் பெட்டி மாறும். கணக்குக்காக 0.3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி ஆகிறது. நான்கு நாளில் 28.8. சிறிய கார்களின் பேட்டரி புதிதாக இருக்கும்போதே சுமார் 35 ஆம்பியர்-மணிதான். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பேருந்தில் போய்விட்டு நான்காம் நாள் வீடு திரும்பினால், கார் அசையாது. இரண்டு மூன்று வருடம் உழைத்த பேட்டரியாக இருந்தால் நான்கு நாள்கூடத் தாங்காது.

அளந்து பார்த்தால் ஊகம் வேண்டாம்

காரின் பக்கம் உள்ள ஒயர்களின் நிறத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு நிறம் வைத்திருப்பார். மின்பொருள் கடையில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். அதை நேர்மின்னோட்டம் 20 வோல்ட் அளவில் வையுங்கள். கருப்பு முனையைக் காரின் இரும்பில் வையுங்கள். சாவி இல்லாதபோதே 12 வோல்ட் காட்டும் ஒயர் மஞ்சளுக்கு உரியது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் 12 வோல்ட் காட்டி, எடுத்ததும் பூஜ்யம் ஆகும் ஒயர் சிவப்புக்கு உரியது. முன்விளக்கைப் போடும்போது மட்டும் மின்சாரம் வரும் மூன்றாவது ஒயர் ஒன்று இருக்கலாம். அது இரவில் பெட்டியின் திரையை மங்கலாக்குவதற்கு. அதைச் சிவப்பு என்று நினைத்துக் கட்டினால் விளக்கைப் போட்டால்தான் பாட்டு வரும்.

அளந்து குறித்துக்கொண்ட பிறகு, ஒயரில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். ஏன் முதலில் எதிர்முனை? காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு சேர்ந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிக் கார் இரும்பில் பட்டால் நேராக ஷார்ட் ஆகி நெருப்புப் பொறி பறக்கும். எதிர்முனையை எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். மாட்டும்போது எதிர்முனை கடைசி. சில தொழிற்சாலைப் பெட்டிகள் பேட்டரியைக் கழற்றினால் இரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இணைப்பதற்கு உங்கள் கார் வகைக்கு ஏற்ற மாற்றுச் சாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலை ஒயரை வெட்டி, முறுக்கி, கருப்பு டேப் சுற்றுவது நம் ஊர் வெயிலில் நிலைக்காது. மூடிய காரில் டேஷ்போர்டு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும். உள்ளே இருக்கும் செம்பு வெளியே வரும்.

பியூஸ் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பல பெட்டிகளின் பின்னால் 10 ஆம்பியர் பியூஸ் இருக்கும். அது எரிந்தால், ஏன் எரிந்தது என்று தேட வேண்டும். 20 ஆம்பியர் போட்டுப் பார்ப்பதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் தீர்வு அல்ல. ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பியூஸ் எரியாவிட்டால் அடுத்து எரிவது ஒயர்தான்.

50 வாட் எங்கே?

பெட்டியின் அட்டையில் "50 வாட், 4 ஸ்பீக்கர்" என்று பெரிதாக எழுதியிருக்கும். நான்கையும் கூட்டினால் 200 வாட். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். பியூஸ் 10 ஆம்பியர். பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 என்றால் வெளியே 200 எப்படி வரும்?

அந்த 50 எங்கிருந்து வந்தது என்றால், 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8 வரும். மின்சாரம் முழு அளவில் ஒரு கணமும் இறங்காமல் நின்றால் கிடைக்கும் எண் அது. இசை அப்படி நிற்பதில்லை. அலையாக ஏறி இறங்கும். அலை சிதையாமல் கிடைப்பது அதில் பாதி, சுமார் 25 வாட்; நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறைவு. ஒலியை அதற்கு மேல் திருகும்போது அலையின் தலை வெட்டப்படுகிறது. பாட்டு கரகரக்கும்; ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் சூடாகும். கரகரப்பு கேட்கத் தொடங்கும் இடமே உங்கள் பெட்டியின் எல்லை.

ஸ்பீக்கர் ஒயர்கள் ஜோடி ஜோடியாக வரும்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டவை அவற்றின் எதிர்முனைகள். இந்த எதிர்முனைகளைக் காரின் இரும்போடு சேர்க்கவே கூடாது. இன்றைய பெட்டிகள் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இரண்டு பக்கத்திலிருந்து தள்ளி இழுத்து ஒலி எழுப்புகின்றன. ஒரு முனையை இரும்பில் கட்டினால் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கிச் சில்லு கருகிவிடும். ஸ்பீக்கர்களின் எதிர்முனையை இரும்பில் கட்டியிருக்கும் மிகப் பழைய கார்களில் ஒயரைப் புதிதாக இழுப்பதே வழி.

எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் ஒரு "ஙொய்" சத்தம் ஸ்பீக்கரில் வந்தால், கருப்பு ஒயரைப் பாருங்கள். பெயிண்ட் மேலோ துருவின் மேலோ திருகியிருப்பார்கள். சுரண்டி, வெள்ளையான இரும்பில் இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மலை பக்கத்தில், வானொலி ஏன் இரைகிறது?

இனி லேடாங் மலைக்கு வருவோம். எப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டர் கம்பி அதைப் பிடிக்க ஏற்ற நீளம். பழைய கார்களின் நீள ஏரியல் அதனால்தான் அந்த அளவில் இருந்தது. இப்போது கூரை மேல் இருக்கும் குட்டை ஏரியலுக்கு அடியில் ஒரு சிறு மின்பெருக்கி உண்டு. அதற்கு மின்சாரம் கொடுப்பது பெட்டியின் நீல ஒயர். அதை இணைக்காமல் விட்டால் சிடி நன்றாகப் பாடும், வானொலி மட்டும் இரையும். ஆனால் வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர் தனி ஒலிபெருக்கியை எழுப்புவதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டியை மலிவாக வாங்கும்போது இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அந்த நாட்டுக்காகச் செய்த பழைய பெட்டிகள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நாட்டு நிலையங்கள் 87.5 முதல் 108 வரை பரவியிருக்கின்றன. கோலாலம்பூர் வட்டாரத்தில் மின்னல் எப்எம் 96.3, ராகா 99.3. அந்தப் பெட்டியில் இந்த எண்கள் இருக்கவே இருக்காது. அலைவரிசையை இறக்கித் தரும் ஒரு சிறு கருவியை ஏரியலுக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டலாம். ஆனால் திரையில் தெரியும் எண் சரியாக இருக்காது.

ஒரே நிலையத்துக்கு ஊருக்கு ஊர் அலைவரிசை மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோலாலம்பூரில் சேமித்த எண்ணை மலாக்காவில் அழுத்திவிட்டுப் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். மலிவான கைப்பேசி சார்ஜரும் வானொலியைக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் அதைப் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள கோடு

குறுந்தட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டில், 1984-இல், காருக்கான கருவியும் வந்துவிட்டது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தத் தட்டில் இசை ஒரே சுருள் கோடாக எழுதப்பட்டிருக்கிறது. பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் மட்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் 600 சுற்றுகள் அடங்கும். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கதிர் இந்தக் கோட்டை விடாமல் பின்தொடர வேண்டும். தோட்டத்து மண் சாலையில் கார் குலுங்கும்போது அது தடம் மாறாமல் என்ன செய்யும்?

கருவி பாடுவதைவிட வேகமாகப் படித்து, சில நொடிக்கான இசையை நினைவகத்தில் சேர்த்து வைக்கும். குலுக்கலில் லேசர் தடம் மாறினால், சேமித்ததைப் பாடிக்கொண்டே தடத்தைத் தேடும். சேமிப்பு தீர்ந்தால்தான் பாட்டு தாவும். பெட்டி ஆடினால் அடிக்கடி தாவும். ஆகவே முன்பக்கச் சட்டத்தில் மட்டும் சொருகாமல், பின்பக்கத்தையும் ஒரு பட்டையால் இறுக்க வேண்டும். பல பெட்டிகள் 30 பாகைக்கு மேல் சாய்வாக இருக்கக் கூடாது, கையேட்டில் பாருங்கள்.

கோட்டின் போக்கிலேயே 2.5 மில்லிமீட்டர் வரை தகவல் போனாலும் கருவி கணக்குப் போட்டுத் திருத்திவிடும். குறுக்கே விழும் கீறலைவிட வட்டமாக விழும் கீறல் மோசமானது. அது ஒரே தடத்தை நெடுந்தூரம் அழித்துவிடும். அதனால் தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வீட்டில் எழுதிய தட்டுகளில் இருப்பது சாயப்பூச்சு. வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். காரில் விட வேண்டாம். காகித லேபிள் ஒட்டிய தட்டைப் போடவே வேண்டாம். சூட்டில் அது உரிந்து, தட்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

விரலிக்குள் 3,000 பாட்டு

குறுந்தட்டில் ஒரு நொடி இசை என்பது 44,100 அளவீடுகள். ஒவ்வொன்றும் 16 பிட். இடது, வலது என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 14 இலட்சத்து 11 ஆயிரத்து 200 பிட். எம்பி3 முறை இதை 1,28,000 பிட்டுக்குச் சுருக்கலாம். பதினொன்றில் ஒரு பங்கு. எதைத் தூக்கிப் போடுகிறது? உறுமி மேளம் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது உங்களுக்குக் கேட்காது. அப்படிக் காது எப்படியும் தவறவிடும் ஒலிகளை அது விட்டுவிடுகிறது. ஒருமுறை விட்டது திரும்பி வராது. 128-இல் இருக்கும் பாட்டை 320-ஆக மாற்றினால் கோப்பு பெரிதாகும், இசை வளராது.

ஐந்து நிமிடப் பாட்டு 128-இல் 4.8 மெகாபைட். 700 மெகாபைட் தட்டில் 145 பாட்டு; 16 கிகாபைட் விரலியில் 3,000-க்கு மேல். ஆனால் பெட்டி விரலியைப் படிக்க வேண்டுமே. 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட விரலிகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய பெட்டிகளுக்கு அது தெரியாது. 32 அல்லது அதற்குக் குறைந்த விரலியை ஃபேட்32 முறையில் வடிவமைத்துப் போடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

தமிழில் பெயரிட்ட பாட்டு திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயருக்கு முன்னால் 001, 002 என்று மூன்று இலக்க எண் போட்டுவிட்டால் பெயர் தெரியாவிட்டாலும் வரிசை தெரியும். வெறும் 1, 2 என்று போட்டால் பல பெட்டிகள் 1-க்குப் பிறகு 10-ஐப் பாடும். புலனத்தில் வந்த ஒலிக்கோப்புகள் பல, எம்பி3 அல்ல. கணினியில் மாற்றித்தான் போட வேண்டும்.

கண் சாலையில், கை ஸ்டேரிங்கில்

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறது. அடுத்த பாட்டைத் தேடி இரண்டு நொடி திரையைப் பார்த்தால், 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். விடியற்காலையில் மங்கலான பின்விளக்கோடு மோட்டார் சைக்கிளில் பால்வெட்டுக்குப் போகிறவர் அந்த 50 மீட்டருக்குள் இருக்கலாம். பாட்டு வரிசையைப் புறப்படும் முன்பே வைத்துவிடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். ஆம்புலன்ஸ் சத்தமும் பின்னால் வரும் லோரியின் ஹாரனும் காதில் விழும் அளவுக்கு ஒலியை வையுங்கள்.

கடையில் பொருத்தினால், காரை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சாவியை எடுத்ததும் பெட்டி தானாக அணைகிறதா? மறுபடி போட்டதும் கடிகாரமும் நிலையங்களும் அப்படியே இருக்கின்றனவா? நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாகக் கேட்கின்றனவா? வானொலி தெளிவாக இருக்கிறதா? பியூஸ் பெட்டியோடு வந்த அதே அளவுதானா? இந்த ஐந்துக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால் தைரியமாக வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். எந்த நேரத்தில் சாவியைத் திருப்பினாலும் முதலில் எஞ்சின் எழும். பாட்டு அதற்குப் பிறகு வரட்டும்.